காடை வளர்க்க ஆரம்பிச்சவங்க உங்க அனுபவத்த இங்க சொல்லுங்க

கூண்டுக்காரன்:

கோழிய விட காடை ஈசி, இடம் கம்மி, சத்தம் கம்மி, ஆறேழு வாரத்துல முட்டை வந்துரும்னு கேள்விப்பட்டு தான் நெறய பேரு இதுல எறங்குறாங்க. பொய் ஒண்ணும் இல்ல, ஆனா முதல் வாரத்த பத்தி மட்டும் யாரும் வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. நான் பாத்த வரைக்கும் சாவு எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு வாரத்துல தான், அத தாண்டுன குஞ்சு அப்புறம் அவ்ளோ சுலபத்துல போகாது.

பொரிச்சு வர்ற குஞ்சு 7ல இருந்து 9 கிராம் தான் இருக்கும், அதுக்கு உடம்புல சொந்தமா சூடே நிக்காது. முதல் வாரம் புரூடர் உள்ள (பல்பு போட்டு குஞ்சுக்கு சூடு குடுக்கிற பெட்டி) 35 - 37 டிகிரி வேணும், அப்புறம் வாரத்துக்கு ஒரு 3 டிகிரி கொறச்சுட்டே வரலாம், றெக்கை மொளச்சு மூடுனதும் பல்ப நிறுத்திரலாம். தெர்மாமீட்டர் வாங்குங்க, வேணாங்கல, ஆனா குஞ்சுகள பாத்தாலே தெரிஞ்சிரும். பல்புக்கு கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு கீச்சு கீச்சுன்னு விடாம கத்துனா குளிருதுன்னு அர்த்தம், ஓரமா ஒதுங்கி வாய பொளந்துட்டு மூச்சு வாங்குனா சூடு ஜாஸ்தி. பரவலா திரிஞ்சுட்டு இருந்துட்டு திடீர்னு ஒரு பக்கமா கால நீட்டி பொணம் மாதிரி கெடக்கும், பயந்துராதீங்க, அது தூங்குது, தொட்டா எந்திரிச்சு ஓடிரும் 😄

தண்ணி வெக்கிற தட்டுல கோலிக்குண்டோ கூழாங்கல்லோ நெறப்பி வைங்க, இல்லன்னா உள்ள விழுந்து நனைஞ்சே போயிரும், நனைஞ்ச குஞ்ச காப்பாத்துறது கஷ்டம். கீழ நியூஸ்பேப்பர் விரிக்காதீங்க, வழுக்கி வழுக்கி ரெண்டு காலும் பக்கத்துக்கு ஒண்ணா விரிஞ்சு போயி அப்புறம் நிக்கவே நிக்காது. சாக்கு, இல்ல நெளிநெளியா இருக்கிற அட்டை போதும். தீவனத்துல புரதம் 24 சதவீதத்துக்கு கொறயாம பாத்துக்கோங்க, சாதா கோழிக்குஞ்சு தீவனத்துல அவ்ளோ இருக்காது, குருணை பெருசா இருந்தா மிக்சியில ஒரு சுத்து விட்டு பொடியாக்கி போடுங்க.

மாடிக்கூண்டு:

சத்தம் கம்மின்னு சொன்ன அண்ணன் வீட்ல ஆண் காடையே இல்ல போல. எங்க வீட்ல ஒருத்தன் இருந்தான், விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருவான். பெட்டைங்க சத்தம் காதுலயே விழாது, அது உண்மை.

புதுசா வர்றவங்க இந்த ஆண் கணக்க தான் முதல்ல யோசிக்கணும்னு நான் சொல்லுவேன். வாங்குற குஞ்சுல பாதி ஆணா தான் இருக்கும், மூணு வாரம் ஆச்சுன்னா நெஞ்சுல பாத்து பிரிச்சிரலாம், ஆணுக்கு நெஞ்சு புள்ளி இல்லாம செங்கல் கலர்ல இருக்கும், பெட்டைக்கு வெளுத்த நெஞ்சுல கருப்பு புள்ளி. வெள்ளைக் காடையில இந்த வேலயெல்லாம் ஆகாது, அது பருவத்துக்கு வர்ற வரைக்கும் பொறுக்கணும், ஆணா இருந்தா பின்பக்கம் ஆசனவாய்க்கு மேல ஒரு உருண்டை புடைச்சிருக்கும், லேசா அமுக்குனா ஷேவிங் க்ரீம் மாதிரி வெள்ளையா நுரை வரும்.

ஒரு ஆணுக்கு மூணு பெட்டைக்கு கொறயாம விடுங்க. ஆண் அதிகமானா பெட்டையோட தலையில இருக்கிற முடிய அலகால புடிச்சு தொங்கி தொங்கி மண்டைல ஒரு முடி கூட இல்லாம ரத்தம் வர வச்சிரும், ஆணும் ஆணும் கண்ணயே கொத்திக்கும், பாக்கவே சகிக்காது. அப்படி அடிபட்டத உடனே தனியா எடுத்து வைங்க, ரத்தத்த பாத்தா மத்ததும் வந்து கொத்தும். சாப்புட முட்டை மட்டும் போதும்னா ஆணே வேணாம், பெட்டை தானா முட்டை விடும்.

எலிப்பொறி:

வலைய பத்தி ஒரே ஒரு விஷயம். பெரிய கண்ணு வச்ச வலை காடைய உள்ள வைக்கும், எலிய வெளிய வைக்காது. அரை இஞ்சுக்கு மேல கண்ணு இருந்தா போடாதீங்க. எங்க ஆளு ஒருத்தர் கூண்டுல காலைல போயி பாத்தா காடை எல்லாம் இருக்கு, ஆனா ரெண்டுக்கு கால் இல்ல, ராத்திரி எலி கீழ இருந்து இழுத்திருக்கு. அதுல இருந்து நான் கூண்டு கால் ஒவ்வொண்ணுக்கும் தகரம் சுத்தி வச்சிருக்கேன்.

முட்டைக்கணக்கு:

முட்டை விஷயம் நான் சொல்றேன். கோழி மாதிரி காலைல போயி தேடாதீங்க, காடை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல சாயங்காலம் தான் விடும். வெளிச்சம் ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு கொறஞ்சா முட்டை கொறயும், சிலது சுத்தமா நிறுத்திரும், இத நோவுன்னு நெனச்சு மருந்து தேடாம ஒரு சின்ன பல்ப போட்டு பாருங்க. நல்லா கவனிச்சா ஒரு காடை வருஷத்துக்கு 250 முட்டைக்கு மேலயே விடும், ஒண்ணு 10 - 12 கிராம், அஞ்சு காடை முட்டை சேந்தா ஒரு கோழி முட்டை.

எனக்கு இதுல புடிச்சதே அந்த ஓட்டு மேல இருக்கிற புள்ளி தான். ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு டிசைன், அது மாறவே மாறாது. எங்கிட்ட ஒண்ணு பெரிய பெரிய திட்டா விடும், இன்னொண்ணு மொளகு தூவுன மாதிரி பொடிப்புள்ளி, அதனால யாரு இன்னிக்கு லீவுன்னு தட்ட பாத்தே சொல்லிருவேன். ஓடு தோல் மாதிரி வந்தா கிளிஞ்சல் தூள தனியா ஒரு கிண்ணத்துல வைங்க. ஒடைக்கும்போது உள்தோல் கெட்டியா இருக்கும், கத்தரிக்கோலால நுனிய வெட்டிருங்க.

அப்புறம் இது அடை உக்காராதுங்க, அந்த கொணத்த வளர்ப்புக் காடை எப்பவோ விட்டுருச்சு, குஞ்சு வேணும்னா இன்குபேட்டர் தான், 17 - 18 நாளு, கடைசி மூணு நாள் முட்டைய திருப்பக் கூடாது.

கூண்டுக்காரன்:

ஆண் வச்சிருந்தேன் தம்பி, கறிக்கு போயிருச்சு 😅 அதயும் சொல்லிர்றேன், ஏன்னா கறிக்குன்னு ஆரம்பிச்சுட்டு கடைசில அறுக்க மனசு வராம ஆண்கள வச்சுட்டு தீவனம் போட்டுட்டு இருக்கிறவங்க நெறய பேரு. அஞ்சாறு வாரத்துல கிட்டத்தட்ட முழு எடை வந்துரும், சாதா ரகம்னா உயிரெடை 200 கிராம் சொச்சம், அதுக்கு மேல வச்சா தீவனம் தான் போகும், எடை ஏறாது. பெரிய காடை தெனமும் 25 கிராம் பக்கம் திங்குது, பத்துப் பதினஞ்சு உருப்படின்னா நீங்களே பெருக்கிக்கோங்க. முடி புடுங்கிட்டு உக்காராதீங்க, தோலோட உரிச்சா ஒண்ணு ஒரு நிமிஷம் தான், நல்ல கத்தரிக்கோல் ஒண்ணு போதும். அறுக்கறது உங்களால முடியாதுன்னா முட்டையோட நிறுத்திக்கோங்க, தப்பே இல்ல.

புதுசு:

எங்கிட்ட பெரிய கோழிக்கூண்டு இருக்கு, ஒரு பக்கம் தான் கோழி இருக்கு, மீதி காலியா கெடக்கு, அதுலயே காடையும் விடலாமாண்ணே?

கூண்டுக்காரன்:

வேணாம்ப்பா. கோழி கொத்தியே கொன்னுரும், அத விட பெரிய விஷயம் கோழி ஒண்ணும் ஆகாம சும்மா சுத்திட்டு இருக்கும், அதுகிட்ட இருக்கிற சளி மாதிரி நோவு காடைக்கு ஒட்டிக்கும். உயரமும் சரி வராது, காடை பயந்தா நேரா மேல தான் பாயும், ரெண்டு மூணு அடி உயரக் கூண்டுன்னா அந்த வேகத்துல மண்டை ஒடையும். ஒரு அடிக்குள்ள உயரம் வச்சு தனியா அடி, எச்சத் தட்டு மட்டும் வெளிய இழுக்குற மாதிரி வச்சுக்கோ, அத ரெண்டு நாள் கழுவாம விட்டா அமோனியா நாத்தம் கண்ண கரிக்கும்.