தாமிரபரணி வெள்ளம், டிசம்பர் 2023: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஏரல் பக்கம்
17ஆம் தேதி ராத்திரி மழை எல்லாருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். எனக்குத் தொழுவில் கட்டியிருந்த பசுதான். தண்ணீர் முட்டளவு ஏறியும் ஆச்சி மாடிக்கு வரவில்லை. "கயித்த அறுத்து விடுலே, அதுக்கு வழி தெரியும்" என்று அரிவாளை நீட்டினாள். அறுத்தேன். பசு நகரவே இல்லை. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன், என் பக்கமே திரும்பி நின்றது. விடிந்தபோது தொழுவே இல்லை.

ரயிலில் இருந்தவன்
ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிய திருச்செந்தூர் ரயிலில் நானும் இருந்தேன். சோறு கிடைக்குமா என்றுதான் பயம். ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்கள். ஆனால் கண்ணை விட்டுப் போகாதது தண்டவாளம். அடியில் ஜல்லி, மண் எல்லாம் போய் அந்தரத்தில் தொங்கியது. ரயிலை ஸ்டேஷனிலேயே நிறுத்தாமல் விட்டிருந்தால்?

ஆத்தங்கரை
அணையைச் சொல்லாமல் திறந்ததுதான் காரணம். வேறு பேச்சே இல்லை.

குளத்துக்கரை விவசாயி
அதெப்படி அண்ணாச்சி? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அது கடலோரம், எந்த அணைக்கும் மேலே இல்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் சேர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊருக்குள் வந்தது குளம் உடைந்த தண்ணீர். குளத்து உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு தூர்ந்து கிடந்தால் மறுகால் எப்படிப் பாயும்? கரைதான் போகும். என் வாழை மொத்தமும் போச்சு, அவ்வளவுதான் என் கதை.

பசுவைச் சொன்ன தம்பிக்கு: மழைக்காலத்தில் மாட்டை இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். அறிவிப்பு வந்ததுமே, வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். இருட்டில் ஓடுகிற தண்ணீரில் மாடு இறங்காது. வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் முன்னே மெயினை அணையுங்கள். தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்க வேண்டாம், கீழே ரோடே அரித்துப் போயிருக்கும். வடிந்த பிறகு வைக்கோல் படப்பில் கம்பால் தட்டாமல் கை வைக்காதீர்கள், பாம்பு ஏறியிருக்கும். கிணற்றை இறைத்து பிளீச்சிங் பவுடர் போடாமல் குடிக்கக் கூடாது. அப்புறம், ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் பாலிதீன் பையில்...

ஏரல் பக்கம்
எங்கள் தெருவுக்கு அறிவிப்பே வரவில்லை அண்ணாச்சி.

ஆத்தங்கரை
குளம் உடைந்தது உங்கள் ஊரில். எங்கள் ஊரில் குளமே கிடையாது, ஆறு மட்டும்தான். இப்போது சொல்லுங்கள்.