நைரோபி போகிறவர்களுக்கு: எம்-பெசா, மட்டாட்டு, மஞ்சள் அட்டை

பார்க்லேண்ட்ஸ்வாசி

நைரோபியில் இறங்கியதும் முதல் வேலை சஃபாரிகாம் சிம் வாங்குவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2007-இல் அந்த நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை இன்று காய்கறிக் கடை, சலூன், பெட்ரோல் பங்க், ரயில் டிக்கெட், தேவாலயக் காணிக்கை என எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. நம் ஊர் யூபிஐ மாதிரிதானே என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் நாளே தடுமாறுகிறார்கள். யூபிஐயில் பணம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும். எம்-பெசாவில் அது சிம்மோடு சேர்ந்த தனிக் கணக்கில் கிடக்கும், அதில் முதலில் நாம்தான் காசு போட வேண்டும். ரோமிங்கில் உள்ள இந்திய எண்ணை வைத்து இது எதுவும் நடக்காது.

அசல் பாஸ்போர்ட்டோடு சஃபாரிகாமின் சொந்தக் கடைக்கே போங்கள், நகல் எடுபடாது. தெருவில் குடை போட்டு சிம் விற்பவர்களிடமும் கிடைக்கும். ஆனால் பாஸ்போர்ட்டை வைத்துப் பதிவதில் அவர்கள் பெயரையோ எண்ணையோ தப்பாக ஏற்றிவிட்டால், பிறகு எம்-பெசா ஏஜென்ட்டிடம் பணம் எடுக்கும்போது மாட்டிக்கொள்வது நாம்தான். சிம் உயிர் பெற்றதும் எம்-பெசாவையும் அங்கேயே திறந்து தரச் சொல்லி, நான்கு இலக்க பின் எண்ணை நீங்களே போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

பச்சைப் பலகை தொங்கும் ஏஜென்ட் கடை தெருவுக்கு நாலு இருக்கும். காசு போடக் கட்டணம் கிடையாது. எடுக்கத்தான் கட்டணம், பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். அதனால் மொத்தமாகப் போடாமல் 3,000, 5,000 ஷில்லிங் என்று அவ்வப்போது போட்டு, கிளம்பும் நாளில் மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் இரண்டு வகை எண் ஒட்டியிருக்கும். டில் எண் என்றால் தொகையைப் போட்டு பின் எண்ணை அடித்தால் முடிந்தது, நமக்குக் கட்டணம் இல்லை. பேபில் எண் என்றால் கூடவே ஒரு கணக்கு எண்ணும் கேட்கும், அங்கே பில் எண்ணையோ அறை எண்ணையோ போட வேண்டும். அதைத் தப்பாகப் போட்டால் பணம் போய்ச் சேர்ந்துவிடும், கட்டியது யார் என்று மட்டும் ஓட்டலுக்குத் தெரியாது. வரவேற்பு மேசையில் அரை மணி நேரம் நிற்க வேண்டியதுதான்.

பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் வரும். கடைப் பலகையில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றா என்று அந்தச் சில விநாடிகளில் பார்த்துவிடுங்கள். தப்பான எண்ணுக்குப் போய்விட்டால், உறுதிச் செய்தியை அப்படியே 456-க்கு ஃபார்வர்ட் செய்ய வேண்டும். எதிர்ப்பக்கம் செலவழித்துவிட்டால் மீட்பது கடினம் என்பதால் உடனே செய்தால்தான் பலன். டேட்டா தீர்ந்தாலும் கவலையில்லை, ஸ்டார் 334 ஹாஷ் அடித்தால் மெனு வரும்.

ஒரு பழைய மோசடி இன்னும் ஓடுகிறது. "உங்கள் எண்ணுக்குத் தவறுதலாகப் பணம் வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள்" என்று அழைப்பு வரும், அதற்கு முன்பே எம்-பெசா பாணியில் ஒரு செய்தியும் வந்திருக்கும். அந்தச் செய்தி ஒரு சாதாரணத் தனி எண்ணிலிருந்து வந்திருந்தால் பொய். இருப்பைத் தட்டிப் பார்த்தால் ஒரு ஷில்லிங்கும் கூடியிருக்காது. உண்மையாகவே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்பாதீர்கள், அவர்களையே 456-க்கு எழுதச் சொல்லுங்கள்.

டாலர்கட்டு

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூபாயை அங்கே மாற்ற முயலாதீர்கள், விகிதம் அடிமாட்டு விலை. டாலர் கொண்டுபோனால் புது நோட்டாக, 50-உம் 100-உமாக எடுத்துப்போங்கள். 2009-க்கு முந்தைய அச்சு, கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தால் மறுப்பார்கள். 1, 5, 10 டாலர் நோட்டுகளுக்குப் பல இடங்களில் விகிதம் குறைவு. ஏடிஎம்மில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 40,000 ஷில்லிங் உச்சவரம்பு. நம் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்து வைக்க வேண்டும். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் இரட்டை சிம் போன் இல்லாமல் போவது வீண் அவஸ்தை.

ரூட் 46

மட்டாட்டு பற்றி யாரும் எழுதவில்லையே. 14 பேர் வேனும் 33 பேர் மினி பஸ்ஸுமாக நகரத்தைச் சுமப்பது அதுதான். உடம்பு முழுக்கப் படம், உள்ளே காது கிழியும் பாட்டு, டிவி. பார்த்தால் கட்டுப்பாடே இல்லாதது போலிருக்கும். ஆனால் மஞ்சள் பட்டை, சீட் பெல்ட், 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் 2004-இல் அமைச்சர் ஜான் மிச்சுகி கொண்டுவந்த விதிகளின் மிச்சம்.

வழித்தட எண் மாறாது. 46 யாயா சென்டர் வழியாக கவாங்வாரே, 111 ங்கோங், 125-உம் 126-உம் ரோங்காய், 24 லங்காட்டா வழியாக கேரன், 34 விமான நிலையப் பக்கம். மாறுவது கட்டணம். நண்பகலில் 50 ஷில்லிங் வாங்கிய அதே வண்டி மாலை 5 மணிக்கு 100 கேட்கும், மழை தூறினால் இன்னும் ஏற்றும். வெளிநாட்டுக்காரன் என்று ஏமாற்றுகிறார்கள் என நினைத்துச் சண்டை போடாதீர்கள், பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் கொடுக்கிறார். டிரைவரும் நடத்துனரும் வண்டி முதலாளிக்கு நாளுக்கு இவ்வளவு என்று கட்டியாக வேண்டும். மழை வந்தால் வடிகால் அடைத்துச் சாலை நிற்கும், மூன்று நடை ஓட்டும் நேரத்தில் ஒரு நடைதான் முடியும். அந்த இழப்பைத்தான் டிக்கெட்டில் ஏற்றுகிறார்கள். ஏறும் முன் வாசலில் நிற்கும் மக்காங்காவிடம் "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு ஏறினால் தகராறே இல்லை. அங்கே நடத்துனருக்கு மக்காங்கா என்று பெயர்.

வண்டி நிறைந்தால்தான் கிளம்பும். பாதி காலியான வண்டியில் முதல் ஆளாக ஏறினால் இருபது நிமிடம் போகும். முக்கால்வாசி நிறைந்ததைப் பார்த்து ஏறுங்கள். காசு வண்டி நகர்ந்த பிறகே வாங்குவார்கள், வாசலில் நின்று "இப்பவே கொடு" என்பவன் வண்டி ஆள் இல்லை, ஸ்டேஜில் சுற்றும் தரகன். 1,000 ஷில்லிங் நோட்டை நீட்டினால் மீதி உடனே வராது, எல்லோரிடமும் வசூலித்த பிறகுதான் வரும். இறங்கும் முன் நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு. 50, 100 நோட்டுகளைத் தனியாக வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

நகர மையத்தில் ஒரே பெரிய பேருந்து நிலையம் கிடையாது. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் வேறு வேறு தெரு: கென்காம், டாம் எம்போயா தெரு, ஆவணக் காப்பகத்தின் முன்புறம், ரயில் நிலைய வாசல். காலையில் இறங்கிய இடத்திலேயே மாலையில் ஏறலாம் என்று போனால் அங்கே வேறு ஊர் வண்டி நிற்கும். நெரிசல் என்றால் டிரைவர் பாதி வழியிலேயே திரும்பி, எல்லோரையும் இறக்கிவிடுவதும் உண்டு. எல்லோரும் இறங்கினால் நீங்களும் இறங்கி நடங்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கையில் போன் பிடித்திருக்க வேண்டாம். நெரிசலில் நிற்கும்போது வெளியிலிருந்து கை வரும்.

விடிகாலை ஃப்ளைட்

மூட்டை முடிச்சோடு மட்டாட்டு சரிவராது, டாக்சிதான். ஆப்பில் புக் செய்ததும் டிரைவர் அழைப்பார். "எங்கே போக வேண்டும்? கார்டா, காசா, எம்-பெசாவா?" கார்டு என்றால் பல டிரைவர்கள் ரத்து செய்துவிடுவார்கள். கார்டுப் பணம் கமிஷன் போகத் தாமதமாகத்தான் அவர்கள் கைக்கு வருகிறது, பெட்ரோலோ இன்றைக்கே போட வேண்டும். எம்-பெசா என்று சொல்லுங்கள், உடனே வந்து சேருவார். ஆப் காட்டும் தொகைக்கு மேல் கேட்டால் ஏறும் முன்பே பேசி முடியுங்கள், இல்லை வேறு வண்டி பாருங்கள். நம்பர் பிளேட்டைச் சரிபார்க்காமல் ஏறவே கூடாது.

ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்துக்கு 2022-இல் திறந்த எக்ஸ்பிரஸ்வே உதவும். மலோலோங்கோ முதல் வெஸ்ட்லேண்ட்ஸ் வரை 27 கி.மீ., சுங்கக் கட்டணம் பயணி தலையில். அது ஆப் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மாலையில் கீழே மொம்பாசா ரோட்டில் ஒன்றரை மணி நேரம் நிற்பதை நினைத்தால் அது காசே இல்லை. போடா போடா எனப்படும் வாடகை பைக்குகளுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் அனுமதி கிடையாது.

விமான நிலைய நுழைவுச் சாலையில் பயணிகளை வண்டியிலிருந்து இறக்கி நடந்து சோதனை வாயிலைக் கடக்கச் சொல்வார்கள். வண்டி தனியாகப் போய் அந்தப் பக்கம் நிற்கும். பாஸ்போர்ட், போன், பணம் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள், வண்டி எண்ணையும் மனதில் வையுங்கள். டெர்மினல் வாசலில் மறுபடியும் ஸ்கேனர். மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது மிகையல்ல.

கிண்டி

நுழைவு அனுமதி முதலில். 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இ-டிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி. கட்டணம் 30 டாலருக்குச் சற்று மேல். கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தரகர் தளங்கள், அங்கே இரண்டு மூன்று மடங்கு கறப்பார்கள். கென்ய அரசின் தளமா என்று முகவரியைப் பார்த்துவிட்டுக் கார்டைப் போடுங்கள். தங்குமிடப் பதிவு, திரும்பும் டிக்கெட் இரண்டையும் பிடிஎஃப்பாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இதைக் கேட்பதில்லை, அதனால் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கேட்பது திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில். ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பலருக்குப் போட்டு முடிக்க வேண்டும், அதனால் குறிப்பிட்ட நாட்களில் ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நாள் வாங்குங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது கடந்தவர்களும் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போக வேண்டும். அட்டையில் பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

மலேரியா பற்றிக் கேட்பார்கள். நைரோபி 1,795 மீட்டர் உயரம் என்பதால் நகருக்குள் அபாயம் குறைவு. மொம்பாசா, கிசுமு, மசாய் மாரா போவதாக இருந்தால் மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் கேளுங்கள். அதே உயரம்தான் ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் ஸ்வெட்டர் கேட்கும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று அரைக்கை சட்டையாக அடுக்கிப் போகாதீர்கள்.

கடலோரம்

அண்ணை, கொழும்பில இருந்து போறவைக்கும் இந்த அட்டை வேணுமோ?

கிண்டி

வேணும் தம்பி. இலங்கையும் கென்யா போன்ற மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடம் கேட்கிறது. பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரியுங்கள்.

சாம்பார்ப்பிரியை

சைவம் சாப்பிடுபவர்களுக்கு நைரோபி கஷ்டமே இல்லை. பார்க்லேண்ட்ஸில் டயமண்ட் பிளாசா போனால் தோசை முதல் பானிபூரி வரை உண்டு. ஆனால் தினமும் அங்கே போனால் பர்ஸ் தாங்காது. தகரக் கூரை போட்ட கிபாண்டா கடைகளில் சப்பாத்தியும் ங்டெங்குவும் கேளுங்கள், நம் பாசிப்பயறுக் குழம்பேதான். மரகுவே என்றால் பீன்ஸ். சப்பாத்தி நம் ஊர் புரோட்டா மாதிரி எண்ணெய் விட்டு மடித்துச் சுடுவது, இரண்டே போதும். ஒரு எச்சரிக்கை: ஒரே கரண்டியை எல்லாப் பாத்திரத்திலும் போடுவார்கள், பயறில் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றித் தருவதும் உண்டு. "பிலா ந்யாமா, பிலா சுப்பு" (இறைச்சி இல்லாமல், சாறு இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லுங்கள். உகாலி என்ற சோளமாவுக் களிக்குக் கூட வரும் சுக்குமா கீரையிலும் இதே கதை. மதியம் 12:30-க்கு முன் போனால் எல்லாம் சூடாக இருக்கும், 2 மணிக்கு மேல் மிச்சம்தான்.

தண்டவாளம்

மொம்பாசா போகிறவர்கள் 2017-இல் ஓடத் தொடங்கிய மதராகா எக்ஸ்பிரஸில் போங்கள். எகானமி 1,500, முதல் வகுப்பு 4,500 ஷில்லிங். டிக்கெட்டுக்கு ஸ்டார் 639 ஹாஷ் அல்லது இணையதளம், காசு எம்-பெசாவில். முதல் பதிவைப் படிக்காமல் வந்தவர்கள் இங்கே வந்து நிற்பார்கள். வார இறுதியும் பள்ளி விடுமுறையும் என்றால் இடம் சட்டென்று தீரும்.

நிலையம் நகருக்குள் இல்லை, சியோகிமாவில். பாதுகாப்புச் சோதனையில் பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்வார்கள், மோப்ப நாய் வந்து போகும், பிறகு ஸ்கேனர், பிறகு பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும். ஒன்றரை மணி நேரம் முன்னால் இருங்கள். அங்கே இறங்குவது மிரிட்டினியில், மொம்பாசா தீவுக்கு இன்னும் டாக்சி பிடிக்க வேண்டும்.

பார்க்லேண்ட்ஸ்வாசி

விட்டுப்போன சில. பிளாஸ்டிக் கேரிபேக் 2017 ஆகஸ்ட் 28 முதல் சட்டப்படி தடை, அபராதம் லட்சங்களில். வடகத்தையும் ஊறுகாயையும் கேரிபேக்கில் சுற்றிப் பெட்டியில் வைக்காதீர்கள், மஞ்சப்பையே போதும். நிறுவனம் அடைத்து விற்கும் மசாலாப் பொட்டலங்களுக்குத் தடை இல்லை.

மையப் பகுதியில் நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் அகதி மாணவன் என்று அறிமுகமாகி, டீ குடிக்க அழைத்து, படிப்புக்கு உதவி கேட்பார். கொடுத்துவிட்டு வெளியே வந்தால் "போலீஸ்" என்று சிலர் சூழ்ந்து, தேடப்படும் ஆளுக்குப் பணம் கொடுத்தாய் என்று மிரட்டி அபராதம் கேட்பார்கள். எல்லோரும் ஒரே கூட்டம். டீக்கே உட்காராதீர்கள். உண்மையான போலீஸாகவே இருந்தாலும் தெருவில் காசு கொடுக்காமல், காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று சொல்லுங்கள்.

தெருவில் சிகரெட் பிடித்தால் குற்றம், ஒதுக்கிய இடத்தில்தான் பிடிக்கலாம். அரசுக் கட்டடங்கள், போலீஸ், ராணுவத்தினரைப் படம் எடுக்க வேண்டாம்.

தேசியப் பூங்காவுக்குக் காலை 6 மணிக்கே போய்விடுங்கள், வெயில் ஏறினால் சிங்கம் புதருக்குள் போய்விடும். கட்டணத்தை இணையத்தில்தான் கட்ட வேண்டும், வாயிலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். 117 சதுர கி.மீ. பரப்பில் காண்டாமிருகம்கூட உண்டு, காட்டு யானை மட்டும் கிடையாது. யானைக்குட்டிகளைப் பார்க்க வேண்டுமானால் ஷெல்ட்ரிக் காப்பகம். அங்கே பொதுமக்களுக்கு 11 முதல் 12 மணி வரை ஒரு மணி நேரம்தான், முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காலையில் பூங்காவை முடித்துக்கொண்டு 10:30-க்குள் காப்பகத்தின் வாசலுக்குப் போய்விட்டால் இரண்டையும் ஒரே வண்டி வாடகையில் பார்த்துவிடலாம்.