நோம்பிக்குக் கச்சேரியா, கம்பத்தாட்டமா?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, இன்னிசைக் கச்சேரி வைக்கலாம், செலவை வெளிநாட்டில் இருப்பவர்கள் பிரித்துக்கொள்ளலாம் என்று போன வாரம் துபாய் மாப்பிள்ளை நம் குழுவில் எழுதியிருந்தார். என் பங்கைத் தந்துவிடுகிறேன், அதில் பேச்சில்லை. ஆனால் கோயில் வாசலில் மேடை போட்டால் கம்பத்தைச் சுற்றி ஆட இடம் எங்கே இருக்கும்?

ஊரையே பார்க்காமல் வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நோம்பியைத் தொடங்கிவைக்கிற பூச்சாட்டு முடிந்ததும் மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டிவந்து கோயில் முன்னால் நடுவோம். அதுதான் கம்பம், அம்மனுடைய புருசன் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நாள் வரைக்கும் பெண்கள் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், ராத்திரியானால் ஆம்பளைகள் அதைச் சுற்றி ஆடுவார்கள். ஈரோடு பெரிய மாரியம்மனுக்கும் கம்பம் உண்டு, கரூரிலும் உண்டு, அங்கே கம்பத்தை அமராவதியில் விடுகிற அன்றைக்கு ஆற்றங்கரையில் நிற்க இடம் கிடைக்காது.

கம்பம் நட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்கக்கூடாது என்று ஒரு கட்டு இருந்ததே, நினைவிருக்கிறதா? திருப்பூரில் வேலை பார்த்த எங்கள் அப்பா அந்தப் பதினைந்து நாளும் கடைசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது வந்துவிடுவார், சாப்பிட்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு. வரப்புத் தகராறில் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஏழு வருசம் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் வட்டத்தில் முன்னால் போகிறவன் காலைப் பார்த்துத்தானே அடி வைக்க முடியும், சித்தப்பா அடி தப்பினால் பின்னாலிருந்து பெரியப்பா தோளில் ஒரு தட்டு தட்டுவார், சித்தப்பாவும் திரும்பிப் பார்க்காமல் காலை மாற்றிக்கொள்வார். அதனால் சமாதானம் ஆகிவிட்டார்களா என்றால் இல்லை, கேஸ் பாட்டுக்கு நடந்தது. ஆனாலும் அந்தப் பதினைந்து ராத்திரியும் சேர்ந்துதான் ஆடினார்கள்.

சரி, எல்லாம் நன்றாகவே இருந்தது என்று எழுதினால் பொய். ஆட்டத்துக்குத் தப்பட்டை, அதாவது பறை, அடித்தவர்கள் எந்தத் தெருவில் இருந்து வந்தார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்கள் அடியைக் கூட்டினால் நாம் வேகம் கூட்டினோம், நிறுத்தினால் நின்றோம், மொத்த ஆட்டமும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் ஒருநாள்கூட அவர்கள் வட்டத்துக்குள் வந்து ஆடியதில்லை, சாப்பாட்டுக்கும் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று வீட்டில் யாரும் எனக்கு வாய்விட்டுச் சொன்னதில்லை, அந்த ஆட்டத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தபோது நம் குழுவில் எத்தனை பேர் கைதட்டி எழுதினோம்! நம் கோயில் வாசலில் அடிக்கிறவருக்கு ஒரு நாற்காலி போட்டோமா?

பெண்கள் கதையும் இப்படித்தான். முருகன் வள்ளி கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மி ஆம்பளைகள் ஆட்டம் என்றுதான் வெகுகாலம் இருந்தது. கோவை பத்திரப்பன் ஐயா பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார், 2024இல் அவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. இன்றைக்குக் கொங்கு நாட்டில் எந்த அரங்கேற்றத்துக்குப் போனாலும் பொம்பளைப் பிள்ளைகளை வரிசை வரிசையாகப் பார்க்கலாம். (வேடர் வீட்டுப் பெண்ணை முருகன் காதலித்துக் கட்டிய கதையை விடிய விடியப் பாடி ஆடிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மகள் காதலைக் கேட்டால் அரிவாளைத் தேடுகிற ஆட்களும் நம்மில் உண்டு. அதைத் தனி மடலில் வைத்துக்கொள்ளலாம்.)

ஆகவே என் யோசனை இதுதான். கச்சேரி வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வையுங்கள், கோயில் வாசலைக் கம்பத்துக்கு விடுங்கள். தப்பட்டைக்காரர்களுக்குப் பதினைந்து நாளுக்கும் முழுக் கூலி நம் பணத்தில் இருந்து போகட்டும், இலையும் ஒரே பந்தியில் போடச் சொல்லுங்கள். ஆட விருப்பமுள்ள பெண்களும் இறங்கட்டும், தப்பட்டைக்காரர்கள் தெருப் பிள்ளைகளும் இறங்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் முறைப்பார்கள்தான், அவர்களிடம் பேச நானே முதலில் போன் போடுகிறேன்.

அப்புறம் ஒன்று. கம்பத்தாட்டத்தின் அடிகளை முழுக்கத் தெரிந்தவர்கள் இப்போது ஊரில் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள், எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இந்த முறை ஊருக்குப் போகிறவர்கள் யாராவது அவர்களை ஆடச் சொல்லி போனில் பிடித்து அனுப்புங்கள், முகத்தை விடக் கால்கள் தெளிவாகத் தெரியட்டும்.