இந்தியன் பாயிண்ட் வழக்கில் நியூயார்க் மாநிலம் ஜெயித்ததா?

வெஸ்ட்செஸ்டர்வாசி:
"அணு உலை மத்திய அரசின் அதிகாரம், அதில் மாநிலத்துக்கு என்ன வேலை" என்று இங்கே பலரும் கேட்கிறீர்கள். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். நியூயார்க் நகர எல்லைக்கு வடக்கே ஏறக்குறைய 40 கி.மீ. தூரத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையம். அங்கே 2, 3 என்ற இரண்டு உலைகளின் 40 வருட உரிமம் 2013லும் 2015லும் முடிய இருந்தது. இன்னும் 20 வருடம் வேண்டும் என்று 2007 ஏப்ரலில் நிலையத்தின் உரிமையாளரான என்டர்ஜி நிறுவனம் மத்திய அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் விண்ணப்பித்தது. மாநில அரசு ஒரு கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கவில்லை. நேராக எதிர்த்தரப்பாகவே வழக்கில் நுழைந்தது. 2020லும் 2021லும் உலைகள் மூடின. மாநிலம் நுழையாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஓய்வு_மின்பொறியாளர்:
நடந்திருக்காது. என் வருத்தமே அதுதான் தம்பி. நகரத்துக்கும் உங்கள் வெஸ்ட்செஸ்டருக்கும் தேவையான மின்சாரத்தில் கால் பங்கு அங்கிருந்து வந்தது. 2,000 மெகாவாட்டுக்கு மேல், புகையே இல்லாமல். அந்த இடத்தை நிரப்பியது காற்றாலையா? எரிவாயு. 1,100 மெகாவாட் கிரிக்கெட் வேலி எரிவாயு நிலையம் ஓட ஆரம்பித்ததும் 2020ல்தான்.

கட்சிக்காரன்:
இருவரும் முடிவைப் பற்றிப் பேசுகிறீர்கள். விசாரணை எப்படி நடந்தது என்று பார்த்தால் கதை வேறு. (வக்கீல் தொழில், அதனால் கொஞ்சம் நீளும்.) உரிம நீட்டிப்பில் மாநிலத்துக்கு இரண்டு வாசல் உண்டு. சொந்த ஆட்சேபம் எதுவும் இல்லாமல் அக்கறையுள்ள அரசு என்ற முறையில் உட்கார்ந்து, மற்றவர் எழுப்பிய விஷயங்களில் கருத்துச் சொல்லலாம். இல்லையென்றால் ஆட்சேபங்களை ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்து முழுத் தரப்பாக நிற்கலாம். நியூயார்க் இரண்டாவதை எடுத்தது. ஆனால் உள்ளே போனால் அறை ரொம்பச் சின்னது. விசாரணை முக்கியமாகப் பார்ப்பது கருவிகள் பழசாவதை எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதையும், சுற்றுச்சூழல் அறிக்கையையும்தான். விபத்து நடந்தால் இத்தனை லட்சம் பேரை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வி, ஊரே கேட்ட கேள்வி, அங்கே எடுபடவில்லை. அது இந்த விசாரணைக்கு வெளியே என்று தள்ளிவிட்டார்கள்.

வெஸ்ட்செஸ்டர்வாசி:
தள்ளினார்கள், சரி. டிரான்ஸ்பார்மர் விஷயம்? அதில் ஆணையத்தின் விசாரணை வாரியம் 2013ல் மாநிலத்தின் பக்கம்தானே தீர்ப்புச் சொன்னது?

கட்சிக்காரன்:
ஆமாம், மொத்த வழக்கிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். விதிப்படி, அசையும் பாகம் உள்ள கருவிகளையும், வேலை செய்யும்போது தன்மை மாறும் கருவிகளையும் தனியாக ஆராயத் தேவையில்லை. கெட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும் என்ற கணக்கு. குழாய், தொட்டி போல சும்மா நிற்பவற்றுக்குத்தான் தேய்மான ஆய்வு. டிரான்ஸ்பார்மர் எந்த வகை? சும்மா நிற்கும் வகை என்றது மாநிலம். மின்னழுத்தமும் மின்னோட்டமும் மாறுகிறதே, அதனால் அசையும் வகைதான் என்றார்கள் ஆணையத்தின் அலுவலர்கள். மாநிலம் சொன்னதை வாரியம் ஏற்றது. 2015 மார்ச்சில் ஆணையம் அதை ரத்து செய்துவிட்டது.

வெஸ்ட்செஸ்டர்வாசி:
இரண்டே மாதம். அந்த மே மாதமே 3ஆம் உலையின் டிரான்ஸ்பார்மர் தீப்பிடித்து எண்ணெய் ஹட்சனில் கலந்தது. மின்பொறியாளர் சார், நீங்களே சொல்லுங்கள், டிரான்ஸ்பார்மர் அசையுமா?

ஓய்வு_மின்பொறியாளர்:
அநியாயமாக மடக்குகிறீர்கள். முதலில் ஒன்று. எரிந்தது மின்சாரத்தை வெளியே அனுப்பும் பெரிய டிரான்ஸ்பார்மர். அணு உலைப் பகுதிக்கு அதனால் ஆபத்து வரவில்லை. அதைக் காட்டி இதைப் பேசக் கூடாது.

ஆனால் கேட்டதால் சொல்கிறேன். 31 வருடம் துணைமின் நிலையங்களில் இருந்தவன் நான். ஃபேன், டேப் சேஞ்சர் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) நீங்கலாக டிரான்ஸ்பார்மரில் அசைவது ஒன்றும் கிடையாது. உள்ளே காப்புக் காகிதம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இற்றுப்போகும், எண்ணெயைச் சோதித்துப் பார்க்காவிட்டால் வெடிக்கும் நாள்வரை தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் மாநிலம் சொன்னது சரி. சோதிக்கச் சொல்லியிருக்கலாம், மூடச் சொல்லியிருக்க வேண்டாம்.

கட்சிக்காரன்:
மூட வைத்தது அந்த விசாரணையே இல்லை சார். பாதுகாப்பு மத்திய அரசின் அதிகாரம், மின்சாரம் தேவையா, கட்டுபடியாகுமா என்பது மாநிலத்தின் அதிகாரம் என்று 1983ல் கலிபோர்னியா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கோடு போட்டுவிட்டது. பக்கத்து வெர்மான்ட் சட்டமன்றத்தை வைத்து உலையை மூடப் பார்த்தது, நீதிமன்றத்தில் தோற்றது. நியூயார்க் கெட்டிக்காரத்தனமாகத் தண்ணீரைப் பிடித்தது. உலைகளைக் குளிர்விக்க ஆற்றிலிருந்து நாளுக்கு 250 கோடி கேலன் வரை இழுத்து, சூடாகத் திருப்பி விட்டார்கள். மீன் முட்டையும் குஞ்சும் அதில் சாகின்றன என்று காரணம் காட்டி, மத்தியச் சட்டப்படியே தேவைப்படும் நீர்த்தரச் சான்றிதழை 2010ல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை மறுத்தது. விசாரணை மேசையில் கிடைக்காத பிடி அங்கே கிடைத்தது.

ஓய்வு_மின்பொறியாளர்:
அதைத்தான் இழுத்தடிப்பு என்கிறேன். மீன்மேல் அக்கறை என்றால் குளிர்விப்புக் கோபுரம் கட்டும்வரை பேசியிருக்கலாமே? 2017 ஜனவரியில் உலைகளை முன்கூட்டியே மூட என்டர்ஜியோடு ஆளுநர் க்வோமோ ஒப்பந்தம் போட்டதும் மாநிலம் எல்லா ஆட்சேபங்களையும் வாபஸ் வாங்கிக்கொண்டது. டிரான்ஸ்பார்மர், மீன் எல்லாம் போச்சு. 2018ல் ஆணையம் 2024, 2025 வரை உரிமமும் கொடுத்தது, உலைகள் அதற்கும் முன்பே மூடின. இதே க்வோமோ அரசு 2016ல் மாநிலத்தின் வடபகுதி அணு உலைகள் மூடாமல் இருக்க மக்களின் மின்கட்டணத்திலிருந்து மானியம் கொடுத்தது. அங்கே ஓடும் உலை நல்லது, இங்கே ஓடுவது கெட்டதா?

வெஸ்ட்செஸ்டர்வாசி:
அங்கே பக்கத்தில் 80 லட்சம் பேர் உள்ள நகரம் இல்லை. அதுவும் ஒரு காரணம்தான் சார், வெட்கப்பட ஒன்றுமில்லை. மாநிலங்கள் வழக்குப் போட்டால் ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பது என்பதில் நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட், வெர்மான்ட் நான்கும் தொடுத்த வழக்கில் 2012ல் ஆணையத்தின் விதியே ரத்தானது. நாடு முழுக்க உரிமம் வழங்குவதை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நிலையம் இருக்கும் புக்கானன் கிராமத்தின் வரி வருமானத்தில் பெரும்பங்கு அந்த நிலையத்திலிருந்துதான் வந்தது. அவர்களிடம் போய் மாநிலம் ஜெயித்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓய்வு_மின்பொறியாளர்:
2025 ஜூனில் ஆளுநர் ஹோகல் என்ன சொன்னார் பார்த்தீர்களா? மாநிலத்தின் மின் ஆணையமே வடபகுதியில் குறைந்தது 1,000 மெகாவாட்டுக்குப் புது அணு உலை அமைக்க வேண்டுமாம். அந்த விசாரணையில் மாநிலம் எந்தப் பக்க நாற்காலியில் உட்காரும்?

கட்சிக்காரன்:
விண்ணப்பதாரர் நாற்காலியில். பழக்கமான நாற்காலிதான் சார். 2000இல் என்டர்ஜிக்கு விற்கும்வரை இந்தியன் பாயிண்ட் 3ஆம் உலை அதே மின் ஆணையத்துக்குத்தான் சொந்தம்.