−70 மில்லிவோல்ட்டில் என்எம்டிஏ கரண்ட் வரவே இல்லை, மருந்தில் கோளாறா?

பிரமிடு_செல்:
எலி ஹிப்போகாம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) ஸ்லைஸ், 300 மைக்ரான். அதன் சிஏ1 பகுதியின் பிரமிடு செல்லை ஹோல்-செல்லில் (பைப்பெட்டைச் செல்லின் உட்புறத்தோடு இணைத்து) −70ல் பிடித்து, சிஏ3 பகுதியிலிருந்து வரும் ஷாஃபர் இழைகளைத் தூண்டினால் 200 பிகோஆம்ப் கரண்ட் வருகிறது. குளூட்டமேட்டால் திறக்கும் ஆம்பா ரிசெப்டரை அடைக்க என்பிகியூஎக்ஸ் 10 மைக்ரோமோலார் விட்டதும் மொத்தமும் காலி. குளூட்டமேட்டின் இன்னொரு ரிசெப்டரான என்எம்டிஏவின் பங்காவது மிஞ்ச வேண்டாமா? +40க்கு ஏற்றினால் ஹோல்டிங் கரண்ட் எகிறி, இரைச்சலில் எதுவும் தெரிவதில்லை. ஏசிஎஸ்எஃப்பில் (ஸ்லைஸ் மேல் ஓடும் செயற்கை மூளைத் திரவம்) மெக்னீசியம் 1.3 மில்லிமோலார், பைப்பெட்டில் பொட்டாசியம் குளுக்கோனேட். −70ல் காபா (நரம்பை அடக்கும் கடத்தி) கரண்ட் தெரியாததால், அதை அடைக்கும் பிக்ரோடாக்சின் போடவில்லை. என்பிகியூஎக்ஸ் என்எம்டிஏவையும் சேர்த்து அடைக்கிறதா? கிளைசின் வேறு ஊற்ற வேண்டும் என்கிறார்கள், அதுவும் அவசியமா?

கிகாஓம்:
மருந்து மேல் பழி போடாதீர்கள். 10 மைக்ரோமோலாரில் என்பிகியூஎக்ஸ் என்எம்டிஏவைத் தொடாது. அடைத்துக்கொண்டிருப்பது உங்கள் மெக்னீசியம்.

என்எம்டிஏ ரிசெப்டரின் அமைப்பைப் பார்த்தால் புரிந்துவிடும். நான்கு துணையலகுகள், பெரும்பாலும் இரண்டு க்ளூஎன்1, இரண்டு க்ளூஎன்2. ஒவ்வொன்றிலும் வெளியே அமினோ முனைப் பகுதி. அதன் கீழே சிப்பி போல மூடித் திறக்கும் பிணைப்புப் பகுதி. அதற்கும் கீழே சவ்வுக்குள் எம்1 முதல் எம்4 வரை. இதில் எம்2 மட்டும் சவ்வைக் கடக்காது. உள்பக்கமிருந்து நுழைந்து, பாதியில் வளைந்து, வந்த பக்கமே திரும்பிவிடும். நான்கு எம்2 வளைவுகளின் நுனியும் கூடும் இடம்தான் துளையின் குறுகலான கழுத்து. அங்கே அஸ்பராஜின் இருக்கிறது. குளூட்டமேட் சிப்பியை மூடி வாசலைத் திறந்தாலும், செல்லின் உட்புறம் நெகட்டிவாக இருக்கும்வரை வெளியிலிருக்கும் மெக்னீசியம் அயனி உள்ளே இழுக்கப்பட்டு அந்தக் கழுத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். தன்னைச் சுற்றியுள்ள நீரை அது லேசில் விடாது, அதனால் கடந்தும் போகாது. கால்சியம் நீரை உதறிவிட்டுப் போய்விடும். 1984ல் பாரிசிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டது இதைத்தான்.

ஆம்பாவில் அதே இடத்தில் குளூட்டமின். க்ளூஏ2வில் மட்டும் ஆர்என்ஏ எடிட்டிங்கால் அது ஆர்ஜினைனாக மாறுகிறது. ஜீனில் எழுதியிருப்பது ஒன்று, புரதத்தில் வருவது இன்னொன்று! அந்த ஒரே மாற்றத்தால் கால்சியத்துக்கு வழி அடைபடுகிறது.

1 மில்லிமோலார் அளவு மெக்னீசியம் இருந்தால் ஐ-வி (கரண்ட்-வோல்டேஜ்) கோடு நேராக வராது. உள்நோக்கிய என்எம்டிஏ கரண்ட் −30 அருகே உச்சம் தொட்டு, −70க்குப் போகப் போகச் சுருங்கும். உங்கள் "காலி" அதுதான்.

துளைவாசல்:
+40ல் எகிறுவதற்குக் காரணம் பொட்டாசியம். அந்த வோல்டேஜில் பல பொட்டாசியம் சேனல்கள் திறந்து கிடக்கும். பைப்பெட்டின் உள்கரைசலை, அந்தச் சேனல்களை அடைக்கும் சீசியத்துக்கு மாற்றுங்கள், மில்லிமோலாரில்: சீசியம் மீத்தேன்சல்ஃபோனேட் 125, சோடியம் குளோரைடு 4, ஹெபிஸ் 10, இஜிடிஏ 0.5, மெக்னீசியம்-ஏடிபி 4, சோடியம்-ஜிடிபி 0.3, கியூஎக்ஸ்-314 (சோடியம் சேனலை அடைக்க) 5. பிஎச் 7.25, அதையும் சீசியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்யுங்கள். பழக்க தோஷத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பாட்டிலை எடுத்துவிட வேண்டாம். ஆஸ்மோலாரிட்டி 290 பக்கம்.

சவ்வை உடைத்தவுடன் +40க்குப் போகாதீர்கள். சீசியம் செல்லின் கிளைகளான டெண்ட்ரைட்டுக்குள் பரவ 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை −70ல் ஆம்பாவை எடுத்துக்கொண்டு, பிறகு மெதுவாக ஏற்றுங்கள். லிக்விட் ஜங்ஷன் பொட்டென்ஷியல் (பைப்பெட் கரைசலும் வெளிக்கரைசலும் சந்திக்கும் இடத்தில் எழும் வோல்டேஜ்) ஏறக்குறைய 10 மில்லிவோல்ட் வரும். திருத்தாவிட்டால் திரையில் +40 என்பது உண்மையில் +30.

பிக்ரோடாக்சின் விஷயத்தில்தான் உங்கள் கணக்கு தப்பு. −70ல் காபா தெரியாததற்குக் காரணம், குளோரைடு சமநிலை வோல்டேஜ் அதன் பக்கத்திலேயே இருப்பது. +40ல் அதே காபா பெரிய வெளிநோக்கிய கரண்டாக எழுந்து என்எம்டிஏவோடு கலக்கும், இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. 100 மைக்ரோமோலார் கட்டாயம். தண்ணீரில் சரியாகக் கரையாது, டிஎம்எஸ்ஓவில் ஸ்டாக் போடுங்கள்.

ஆம்பா/என்எம்டிஏ விகிதம் வேண்டுமானால் −70ல் உச்சம், +40ல் தூண்டிய 50 மில்லிசெகண்டுக்குப் பிறகுள்ள அளவு. அதற்குள் ஆம்பா அடங்கியிருக்கும். கடைசியில் என்எம்டிஏவை அடைக்கும் டி-ஏபி5 50 மைக்ரோமோலார் விட்டு, அந்த +40 அளவு மறைகிறதா என்று பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

பிரமிடு_செல்:
நன்றி. சீசியத்துக்குப் பதிலாக மெக்னீசியத்தையே எடுத்துவிட்டு −70ல் அளந்தால் வேலை சுலபம்தானே?

கிகாஓம்:
முடியும், ஆனால் சுலபம் இல்லை. மெக்னீசியம் போனால் சிஏ3 தானாக வெடிக்க ஆரம்பிக்கும், அது பிக்ரோடாக்சினோடு சேர்ந்தால் ஸ்லைஸுக்கே வலிப்புதான். பாத்தில் (ரெக்கார்டிங் தொட்டியில்) வைக்கும் முன் சிஏ3க்கும் சிஏ1க்கும் நடுவே பிளேடால் ஒரு வெட்டு போடுங்கள். மூளையை ஸ்லைஸ் போடும் கரைசலில் மெக்னீசியம் வழக்கம்போல இருக்கட்டும், ரெக்கார்டிங் கரைசலில் மட்டும் நீக்கினால் போதும். திசுவிலிருந்து முழுதாகக் கழுவ 15, 20 நிமிடம் ஓட வேண்டும். மற்ற உப்புகளோடு வரும் துளி மெக்னீசியமும் −70ல் கொஞ்சம் அடைக்கும். புதுக் கரைசல் போடும்போது கார்போஜன் (ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு) நன்றாக ஊதிய பிறகே கால்சியம் குளோரைடைச் சேர்க்கவும். முன்னால் போட்டால் வெள்ளையாகத் திரிந்துவிடும்.

ஏபி5:
கிளைசின் கேள்வி பாக்கி இருக்கிறது. குளூட்டமேட் உட்காருவது க்ளூஎன்2வில். க்ளூஎன்1 சிப்பியில் கிளைசின் அல்லது டி-செரின் உட்கார்ந்தாக வேண்டும். இரண்டும் நிரம்பாமல் துளை திறக்காது. ஸ்லைஸில் இவை இயல்பாகவே கொஞ்சம் உண்டு, அதனால் ஊற்றாமலும் கரண்ட் வரும். 10 மைக்ரோமோலார் சேர்த்தால் அந்த இடம் ஒரு மாறியாக இராது. வளர்ப்பு செல்களில் வேகமாகக் கழுவும்போது சேர்க்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் சந்தேகப்பட்ட விஷயம் என்பிகியூஎக்ஸில் இல்லை, அதன் அண்ணன் சிஎன்கியூஎக்ஸில் உண்டு: அது கிளைசின் இடத்திலும் போட்டியிடும்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. இந்த ரிசெப்டரைப் புரோட்டானும் அடக்கும், பிஎச் 7.4லேயே கணிசமான பங்கு அடங்கித்தான் கிடக்கிறது. கார்போஜன் குழாய் நழுவி கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் கரைசல் காரமாகும், என்எம்டிஏ கரண்ட் ஏறும். அந்த நேரம் பார்த்து ஏதாவது மருந்து விட்டிருந்தால் மருந்தின் விளைவு என்றே தோன்றும். கரண்ட் திடீரென ஏறினால் முதலில் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

பிரமிடு_செல்:
கடைசியாக ஒன்று. இரண்டு வார எலியில் கரண்ட் இறங்க ரொம்ப நேரம் எடுக்கிறது, பெரிய எலியில் சீக்கிரம் இறங்குகிறது. பேட்ச் கெட்டுவிட்டதா?

துளைவாசல்:
சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் (பைப்பெட்டுக்கும் செல்லுக்கும் இடையிலான மின்தடை) 20 மெகாஓமுக்குள், 20 சதவீதத்துக்கு மேல் மாறாமல் இருந்தால் பேட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. சின்ன எலியில் க்ளூஎன்2பி அதிகம், அது மெதுவாக மூடும். வளர வளர க்ளூஎன்2ஏ சேரும், அது வேகம். க்ளூஎன்2பியை அடைக்கும் ஐஃபென்ப்ரோடில் 3 மைக்ரோமோலார் விட்டு 15 நிமிடமாவது காத்திருந்து பாருங்கள். சின்ன எலியில் நன்றாகக் குறையும். பெரிய எலியில் பாதியில் நின்றால் மருந்தைத் திட்ட வேண்டாம், 2ஏயும் 2பியும் ஒரே ரிசெப்டரில் கலந்திருந்தால் அது அரைகுறையாகத்தான் பிடிக்கும்.