2017 மாடல் ஜேசிபி, மீட்டரில் 6,200 மணி: வாங்கலாமா?

புதுவயல் டிராக்டர்:

அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். இரண்டு டிராக்டர் வைத்து உழவு, மண் நடை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கோடையில் கண்மாயில் வண்டல் அள்ள அனுமதி வந்ததும் அடுத்தவர் ஜேசிபிக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது, அவர் வருகிற நேரம்தான் நேரம், சொல்வதுதான் வாடகை, அதுவரை நம் டிரெய்லர் இரண்டும் வேப்பமரத்தடியில் சும்மா நிற்கும். போதும் என்று சொந்தமாக ஒன்று பார்க்க இறங்கிவிட்டேன்.

காரைக்குடி பக்கம் ஒருவரிடம் 2017 மாடல் ஜேசிபி 3டிஎக்ஸ் இருக்கிறது. மீட்டர் 6,200 காட்டுகிறது. கேட்பது 13 லட்சம், உட்கார்ந்து பேசினால் இறங்குவார் போலத் தெரிகிறது. டயர் நான்கும் நன்றாக இருக்கின்றன, பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. அந்தப் பளபளப்புதான் உறுத்துகிறது. கண்மாய் வேலை, செப்டிக் டேங்க் குழி, கருவேலம் பிடுங்குவது, எப்போதாவது பழைய வீடு இடிப்பு, இவ்வளவுதான் எனக்கு வேலை. டிராக்டர் எஞ்சின் தெரியும், ஹைட்ராலிக் சுத்தமாகத் தெரியாது. போனால் எதைப் பார்க்க வேண்டும்?

தேவகோட்டை மண்காரன்:

தம்பி, உறுத்துவது சரிதான். முதலில் கணக்கைப் போடு. வாடகைக்கு ஓடுகிற வண்டி நம் பக்கம் வருடத்துக்குக் குறைந்தது ஆயிரம், ஆயிரத்து இருநூறு மணி நேரம் ஓடும். 2017 வண்டி இத்தனை வருடத்தில் 6,200தான் ஓடியிருக்கிறது என்றால் அது யாரோ பண்ணையில் சும்மா நின்ற வண்டியாக இருக்க வேண்டும், இல்லை மீட்டர் மாறியிருக்க வேண்டும். மீட்டரை மாற்றுவது அரை நாள் வேலை. ஆனால் பிரேக் பெடல் ரப்பர், சீட், லீவர் குமிழ், கதவுக் கீல் இதையெல்லாம் யாரும் மாற்ற மாட்டார்கள். பெடல் இரும்பு தெரிகிற அளவு தேய்ந்திருந்தால் மீட்டர் சொல்வதை நம்பாதே. வண்டி ஓடிய மணி நேரத்தைக் கம்பெனிக்கு அனுப்பும் லைவ்லிங்க் கருவி இருந்தால் இன்னும் நல்லது, கம்பெனி டீலரிடம் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்கச் சொல். ஓனர் அதற்கு முகம் சுளித்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று, பக்கெட்டுக்குப் பதிலாகப் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டி ஓடிய வண்டியா என்று பார். நம் ஊர் செம்பாறையைப் பக்கெட்டால் தோண்டிப் பார்த்து முடியாமல் பிரேக்கர் மாட்டுகிறவர்கள் நிறைய. அந்த அதிர்ச்சி முழுக்கப் பின்பக்கத் தோண்டும் கையின் இரண்டு துண்டுகளான பூமிலும் ஆர்மிலும்தான் இறங்கும், வெல்டிங் ஓரத்தில் முடி போல விரிசல் விடும். பிரேக்கரைக் கழற்றி விற்றிருப்பார்கள், ஆனால் பூம் பக்கவாட்டில் அதற்கு ஓடிய பைப்பின் கிளாம்ப் தடம் இருக்கும். புது பெயிண்ட் எதற்கு அடித்தார்கள் என்று அங்கே தெரியும்.

கிரீஸ் கன்:

நான் மெக்கானிக், பதினாறு வருடமாக இந்த வண்டிகளோடுதான் பிழைப்பு. அண்ணன் சொன்னது எல்லாம் சரி, நான் கையால் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

காலையில் போங்கள், வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடிக்கிறதா, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். ஒரு நிமிடத்தில் தெளிந்தால் பரவாயில்லை. சூடான பிறகும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளிருந்து மூச்சு விடுவது போல் புகை தள்ளினால் ரிங், லைனர் போயிருக்கிறது. எஞ்சின் வேலை என்றால் ஒரு பெரிய தொகையை விலையில் கழிக்க வேண்டும்.

அப்புறம் ஹைட்ராலிக். முன் பக்கெட்டில் மண் அள்ளி உயரத் தூக்கச் சொல்லி, எஞ்சினை அணைத்து, சிலிண்டர் ராடில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் தூக்கிய பக்கெட்டுக்குக் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள், கோடு போடுவதும் பக்கவாட்டில் நின்றுதான். பின் பக்கம் தரையில் ஊன்றுகிற ஸ்டெபிலைசர் கால்களையும் இப்படியே சோதிக்கலாம். இறங்கினால் சீல் கிட்டோடு முடியலாம், எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக் என்றால் செலவு வேறு. ராடில் கீறல், துரு இருந்தால் சீல் மாற்றியும் பயன் இல்லை, திரும்பத் திரும்ப அறுக்கும்.

எனக்கு முக்கியம் பின்-புஷ்தான், அதாவது ஒவ்வொரு மூட்டிலும் இருக்கிற இரும்பு ஊசியும் அதைச் சுற்றிய வளையமும். பூமை முழுசாக நீட்டி, பக்கெட் தரையை விட்டு ஒரு சாண் உயரத்தில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, கையால் இடவலமாக ஆட்டுங்கள். ஒரு விரல், இரண்டு விரல் ஆட்டம் எல்லா வண்டியிலும் இருக்கும். நாலு விரலுக்கு மேல் ஆடினால் பூம் வண்டியோடு சேரும் கிங்போஸ்டிலிருந்து பக்கெட் வரை தேய்ந்திருக்கிறது, புஷ் மாற்றினால் போதாது, ஓட்டையே முட்டை வடிவமாகியிருக்கும், ஓட்டையைக் கடைந்து சரிசெய்கிற லைன் போரிங் போட வேண்டும். அதே மாதிரி முன் பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன் சக்கரத்தைத் தூக்கி, கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலை விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கருகல் வாசம் கூடாது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு முன்னும் பின்னும் போட்டுப் பாருங்கள், குளிரில் இழுத்த வண்டி சூட்டில் யோசித்து யோசித்து இழுத்தால் விலகிவிடுங்கள்.

பள்ளத்தூர் பழனி:

எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் காகிதத்தில் மாட்டியவன். வெளி மாநில வண்டி, புரோக்கர் மூலம் வந்தது, விலை குறைவு என்று வாங்கிவிட்டேன். பழைய மாநிலத்து என்ஓசி (தடையில்லாச் சான்று), அதாவது படிவம் 28, பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள். ஏழு மாதம் வண்டி என் கொல்லையில் நின்றது, கோழி முட்டையிட்டது. ஆர்சி புக்கும் சேஸிஸ் நம்பரும் பொருந்துகிறதா என்று காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். அரசு பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஃபைனான்ஸ் இன்னும் நிற்கிறதா என்று தெரியும். நின்றால் கடன் முடிந்தது என்பதற்கான படிவம் 35இல் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்தும் அவருடைய என்ஓசியும் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்குவதை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

தேவகோட்டை மண்காரன்:

பழனி, அந்தக் கோழி முட்டையாவது வருமானம் கொடுத்ததா?

தம்பி, வாங்கிய பிறகு பராமரிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தினம் வேலை தொடங்கும் முன் எல்லா நிப்பிளிலும் கிரீஸ், பழைய கிரீஸ் வெளியே தள்ளிப் புதுசு தெரிகிற வரை. ஆபரேட்டர் அடித்தேன் என்பார், நீயே நின்று பார்க்க வேண்டும். நான் பேட்டாவோடு ஐம்பது ரூபாய் கிரீஸுக்கென்று தனியாகக் கொடுக்கிறேன், அதில் மிச்சமானது லட்சக்கணக்கில். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதே, நம் பக்கத் தண்ணீருக்கு உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும், கூலன்ட்தான். கண்மாய் செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டர் வெளி எலிமெண்ட்டை அடிக்கடி பார், உள் எலிமெண்ட்டைத் தட்டிச் சுத்தம் செய்யாதே, மாற்றிவிடு. கருவேலம் பிடுங்கப் போனால் முள்ளைத் தள்ளி ஒதுக்கிய பிறகே சக்கரத்தை உள்ளே விடச் சொல். என் முன் டயர் ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர்.

புதிய மாடல் ஆசை வேண்டாம். 2021 ஏப்ரலிலிருந்து ஜேசிபி மாதிரி சக்கர வண்டிகளுக்கு பிஎஸ் 4 புகைக் கட்டுப்பாடு கட்டாயம் ஆனது, அதற்கு அப்புறம் வந்தவற்றில் சென்சார், ஒயரிங் அதிகம், லேப்டாப் கொண்டு ஆள் வர வேண்டும். பழசை நம் ஊர் ஆளே ஸ்பேனரோடு முடித்துவிடுவார்.

புதுவயல் டிராக்டர்:

எல்லோருக்கும் நன்றி. போய்ப் பார்த்தேன், இரண்டு தடவை. முதல் நாள் பானெட் சூடு, சொன்னபடியே திரும்பினேன். மறுநாள் சொல்லாமல் ஆறு மணிக்குப் போய் நின்றேன், வெள்ளைப் புகை ஐந்து நிமிடம் நின்றது. பூம் பக்கவாட்டில் பெயிண்ட்டுக்கு அடியில் கிளாம்ப் தடம் தெளிவாகத் தெரிகிறது, பக்கெட் ஆட்டம் அஞ்சு விரல். பெடலில் ரப்பரே இல்லை. பரிவாகனில் பார்த்தால் ஃபைனான்ஸும் நிற்கிறது. அவர் 10 லட்சத்துக்கு இறங்கினார், எனக்கு அதற்கு மேல் பேசத் தோன்றவில்லை, காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது திருமயம் பக்கம் ஒரு 2018 வண்டி, ஓனரே ஓட்டுகிறார், பெயிண்ட் உரிந்து அழுக்காக இருக்கிறது, மீட்டர் 9,400. ஆனால் ஒவ்வொரு நிப்பிளிலும் புதுக் கிரீஸ் பிதுங்கி நிற்கிறது, சர்வீஸ் பில்லை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். ஞாயிறு காலை போகிறேன். கிரீஸ் கன் அண்ணே, கூட வர முடியுமா?

கிரீஸ் கன்:

வருகிறேன். சாக்பீஸ், டார்ச், கடப்பாரை எடுத்து வை. டிபன் உன் செலவு.