ஆஸ்பெக்ட்ஜே: ஒரே அழைப்புக்கு அட்வைஸ் இரண்டு முறை ஓடுகிறது, கம்பைலர் பிழையா?

கேள்வி:
வணக்கம். மூன்று நாள்களாக இதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஜாவா கணக்கியல் மென்பொருளில் @தணிக்கை என்ற அனொட்டேஷன் (நிரலில் இடும் அடையாளக் குறி) இட்ட மெத்தட் எது ஓடினாலும், தணிக்கை அட்டவணையில் ஒரு வரி எழுத அராவுண்ட் அட்வைஸ் (மெத்தட்டைச் சுற்றித் தானாக ஓடும் துணை நிரல்) வைத்திருக்கிறோம். அது எங்கே ஓட வேண்டும் என்று சொல்லும் பாயிண்ட்கட் வெறும் @அனொட்டேஷன்(தணிக்கை) மட்டும்தான். ப்ராக்ஸி என்ற இடைப்பொருள் வழியாக அட்வைஸை ஓட்டும் ஸ்பிரிங் ஏஓபியில் ஒழுங்காக ஓடியது. ஒரு வகுப்பு தன் மெத்தட்டைத் தானே அழைத்தால் ப்ராக்ஸி அதைக் காண்பதில்லை என்பதால் சென்ற வாரம், அட்வைஸை நிரலுக்குள்ளேயே நெய்துவிடும் (சேர்த்துவிடும்) ஆஸ்பெக்ட்ஜேயின் ஏஜேசி கம்பைலருக்கு மாறினோம்.

இப்போது ஒரு பணப் பரிமாற்றத்துக்கு இரண்டு வரிகள் விழுகின்றன. எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்பதுதான் குழப்பம். கன்ட்ரோலர் மெத்தட்டுகளுக்கு ஒரே வரி. சர்வீஸ் வகுப்புகளில் சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு ஒன்று. ஜேயூனிட் சோதனையிலிருந்து அதே சர்வீஸை நேரடியாக அழைத்தால் ஒன்றுதான். ஒரே நிரல் இடத்துக்கு இடம் மாறி நடப்பதால் கம்பைலர் மீதே சந்தேகம் வந்துவிட்டது. பிழை அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன்.

பதில் 1:
கம்பைல் நேரத்திலும் லோட் நேரத்திலுமாக இரண்டு முறை நெய்கிறீர்களோ? லோட் நேரத்தில் நெய்யும் ஜாவா ஏஜென்ட் எதையாவது இயக்குகிறீர்களா என்று பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன் ஐயா, ஏஜென்ட் எதுவும் இல்லை.

பதில் 2:
அறிக்கையைச் சற்று நிறுத்தி வையுங்கள். அட்வைஸின் முதல் வரியில் ஜாயின் பாயிண்டின் (அட்வைஸ் பொருந்தும் இடத்தின்) கெட்கைண்ட், கெட்சோர்ஸ்லொகேஷன் (அதன் வகை, நிரலில் உள்ள வரி) இரண்டையும் அச்சிட்டு, வருவதை இங்கே போடுங்கள்.

கேட்டவர்:
இதோ:
மெத்தட்-கால், பில்சர்வீஸ்.ஜாவா:88
மெத்தட்-எக்ஸிகியூஷன், பரிமாற்றசர்வீஸ்.ஜாவா:41

பதில் 2:
88ஆம் வரி அழைப்பவருடையது, 41ஆம் வரி அழைக்கப்பட்டவருடையது. அழைப்பு ஒரு ஜாயின் பாயிண்ட், மெத்தட்டின் உடல் ஓடுவது இன்னொன்று. உங்கள் பாயிண்ட்கட் அனொட்டேஷனை மட்டும் கேட்கிறது, எந்த வகை என்று சொல்லவில்லை. அதனால் ஏஜேசி இரண்டிலும் நெய்துவிட்டது. கம்பைலர் சொன்னபடியே செய்திருக்கிறது. ஸ்பிரிங் ஏஓபிக்கு எக்ஸிகியூஷன் ஒன்றுதான் தெரியும், ஆகவே இந்தக் குறை இவ்வளவு நாள் வெளியே தெரியவில்லை.

அழைப்பின் அட்வைஸ் அழைப்பவருடைய பைட்கோடில் (கம்பைல் ஆன நிரலில்) உட்காருகிறது. கன்ட்ரோலரை அழைப்பது ஸ்பிரிங். அதை நீங்கள் நெய்யவில்லை. உங்கள் மேவன் (பில்ட் கருவி) அமைப்பில் கம்பைல் இலக்கு மட்டும் இருந்து டெஸ்ட்-கம்பைல் இல்லையென்றால் சோதனை வகுப்புகளும் நெய்யப்படாதவை. ஆகவே இரண்டிலும் ஒரே வரி.

பாயிண்ட்கட்டை இப்படி மாற்றுங்கள்:
எக்ஸிகியூஷன்(* *(..)) && @அனொட்டேஷன்(தணிக்கை)

கேட்டவர்:
ஆமாம், கம்பைல் இலக்கு மட்டும்தான் இருந்தது. பாயிண்ட்கட்டை மாற்றியதும் எல்லா இடத்திலும் ஒரே வரி. மிக்க நன்றி. ஆனால் ஒன்று உறுத்துகிறது. வட்டி சர்வீஸை அழைப்பதும் பில்சர்வீஸ்தான், அதுவும் நெய்யப்பட்ட வகுப்புதானே? அதற்கு மட்டும் முன்பே ஏன் ஒரே வரி விழுந்தது?

பதில் 2:
வட்டி சர்வீஸை இன்டர்ஃபேஸ் (மெத்தட்டுகளை அறிவிக்க மட்டும் செய்யும் வகை) வழியாக அழைக்கிறீர்களா? அனொட்டேஷன் எங்கே இருக்கிறது?

கேட்டவர்:
இன்டர்ஃபேஸ் வழியாகத்தான். அனொட்டேஷன் செயல்படுத்தும் வகுப்பில் மட்டும் இருக்கிறது.

பதில் 2:
காரணம் அதுதான். அழைக்கும் இடத்தில் கம்பைலர் பார்ப்பது மாறியின் அறிவிக்கப்பட்ட வகையை, அதாவது இன்டர்ஃபேஸின் மெத்தட்டை. அதில் அனொட்டேஷன் இல்லாததால் அழைப்பு பொருந்தவில்லை; உடல் ஓடும்போது மட்டும் பொருந்தியது. பரிமாற்ற சர்வீஸை வகுப்பின் பெயரிலேயே அறிவித்திருப்பீர்கள். அடுத்த முறை ஷோவீவ்இன்ஃபோ என்ற தேர்வைக் கொடுத்து கம்பைல் செய்யுங்கள். எந்த இடத்தில் எந்த அட்வைஸ் நெய்யப்பட்டது என்று வரி எண்ணோடு சொல்லிவிடும்; மூன்று நாள் வேலை மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கேட்டவர்:
ஷோவீவ்இன்ஃபோவில் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. அறிக்கையை அழித்துவிட்டேன். சென்ற வாரம் விழுந்த இரட்டை வரிகளையும் அழித்துவிடலாமா?

பதில் 1:
தணிக்கை அட்டவணையில் எந்த வரியையும் அழிக்காதீர்கள். ஒரு நெடுவரிசை சேர்த்து, ஒரே பரிமாற்ற எண் கொண்ட இரண்டாவது வரியை 'நகல்' என்று குறியுங்கள். கணக்குத் தணிக்கையாளரிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.